மதகும் மின்மதகும்

திருச்சிராப்பள்ளி மாநகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு என்னும் இடம் உள்ளது. குடகு மலையில் தோன்றி, வழியெல்லாம் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு அகண்ட காவிரியாய் வரும் பேராறு இங்கே இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இரண்டிற்கும் நடுவே திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. ஆகவே, தடுப்பார் இல்லையெனில் தண்ணீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலைச் சேரும். தஞ்சை வயல்கள் காயும். இக்கேட்டைப் போக்கவே 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார்.

மேலணையின் மதகுக் கதவை ஏற்றவும் இறக்கவும் ஒருவர் பற்சக்கரத்தைச் சுழற்றினால் போதும். அவர் செலவிடும் உழைப்பு சிறிது. அதற்குக் கட்டுப்பட்டு ஓடும் வெள்ளமோ பெரிது. அவர் ஆற்றைத் தள்ளுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்கும் நீருக்கு ஓட வேண்டிய விசை இயல்பாகவே உண்டு. எவ்வளவு ஓடலாம் என்று ஆணையிடுவது மட்டுமே அவருடைய தொழில். சிறியதொரு முயற்சி பெரியதோர் ஓட்டத்தை ஆளும் இவ்வமைப்பு, கடுகளவு பொருளுக்குள் அமைந்துவிட்டால் அதுவே டிரான்சிஸ்டர். அதனுள் நீருக்கு மாறாக மின்சாரம் ஓடுகின்றது. கதவை அசைப்பது வேறொரு சிறு மின்னோட்டம்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் கண்ணாடி வால்வுகளால் ஆனவை. வால்வின் உள்ளே இழை பழுக்கக் காய்ந்த பிறகே பெட்டி பேசத் தொடங்கும். அதற்கு மின்சார இணைப்பு வேண்டும். இல்லையேல் சுமக்க அரிய பெரிய மின்கலங்கள் வேண்டும். மின்கம்பி எட்டாத சிற்றூர் உழவருக்கு அத்தகைய பெட்டி எட்டாக்கனியாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியது டிரான்சிஸ்டர். கைவிளக்கில் இடும் மின்கலங்கள் சிலவற்றைக் கொண்டே இயங்கும் சிறு பெட்டிகள் வந்தன. உழவர் அவற்றை வரப்பின்மேல் வைத்துக்கொண்டு நாற்று நட்டனர். 1960களின் பிற்பகுதியில் ஏ.டி.டி.-27 என்னும் புதிய நெல்வகையைப் பற்றித் திருச்சி வானொலி விளக்கமாக எடுத்துரைத்தது. அதைக் கேட்டு அந்நெல்லைப் பயிரிட்ட தஞ்சை உழவர் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினர். ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் அமைந்த விந்தை வேறு எங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

அப்பெட்டிகளில் இருந்த டிரான்சிஸ்டர்கள் வாங்கிப் பொருத்திய உடனே தாமாக வேலை செய்பவை அல்ல. மதகை எந்த அளவில் திறந்து வைப்பது என்று முன்கூட்டியே வகுத்து வைத்தால்தான் அவை பயன்படும். அவ்வாறு வகுத்து வைத்தலுக்குச் 'சார்பு அளித்தல்' என்று பெயர். இதனை அறியச் சற்று உள்ளே நுழைந்து காண வேண்டும்.

சிலிக்கான், ஜெர்மானியம் ஆகியவை குறைகடத்திகள். செம்பைப் போல் மின்சாரத்தை எளிதில் கடத்துவனவும் அல்ல. கண்ணாடியைப் போல் அடியோடு மறுப்பனவும் அல்ல. மிகத் தூய சிலிக்கானில் கோடி அணுக்களுக்கு ஓர் அணு என்னும் அளவில் பாஸ்பரஸைக் கலந்தால், இடம் கிடைக்காத எலக்ட்ரான்கள் அதனுள் தாராளமாக உலவத் தொடங்கும். இது என்-வகை எனப்படும். பாஸ்பரஸுக்கு மாறாகப் போரானைக் கலந்தால் எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடங்கள் சில வெறுமையாகும். அவ்வெறுமைக்குத் துளை என்று பெயர். பக்கத்து எலக்ட்ரான் வந்து துளையை நிரப்ப, அது விட்டு வந்த இடம் துளையாக, இப்படித் துளையும் நேர்மின் துகள்போல் இடம்விட்டு இடம் நகரும். இது பி-வகை. பிற இடங்களில் மாசு என்றால் இகழ்ச்சி. இங்கோ அளவறிந்து இட்ட மாசே பொருளுக்குப் பெருமை தருகின்றது.

ஒரே படிகத்தில் பி-வகையும் என்-வகையும் சந்திக்கும் எல்லையே சந்தி. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு பெல் ஆய்வுக்கூடத்தில் ரசல் ஓல் என்பவர் விரிசல் விழுந்த சிலிக்கான் துண்டொன்றை ஆராய்ந்தார். அதன்மேல் ஒளி பட்டபோது மின்னழுத்தம் தோன்றியதைக் கண்டு வியந்தார். அத்துண்டின் இரு பகுதிகளில் மாசுகள் வேறு வேறாக இருந்தன என்பதும், நடுவே ஒரு சந்தி தானாகவே அமைந்துவிட்டது என்பதும் பின்னர் விளங்கின. குறைகடத்திப் படிகத்தைக் கருவியாக ஆளும் முயற்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. ஜகதீச சந்திர போஸ் கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவி செய்து, 1904ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

சந்தியில் நிகழ்வது யாது? என்-பகுதியின் எலக்ட்ரான்கள் சில எல்லையைக் கடந்து பி-பகுதியின் துளைகளில் அடங்குகின்றன. கடந்து சென்றவை விட்டு வந்த இடத்தில் நேர்மின்னூட்டமும், சென்று சேர்ந்த இடத்தில் எதிர்மின்னூட்டமும் நிலைத்துவிடுகின்றன. பின்வரும் எலக்ட்ரான்களை இவை திருப்பி அனுப்பத் தொடங்குகின்றன. இவ்வாறு எல்லையில் எழும் தடைக்கு மின்னழுத்த அரண் என்று பெயர்.

அரண் என்றவுடன் திருச்சியில் உள்ளோர்க்கு மலைக்கோட்டை நினைவுக்கு வரும். உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு நானூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அடிவாரத்தில் நிற்கும் கூட்டம் பெரிது. தாயுமானவர் சந்நிதிவரை ஏறுவோர் அதனினும் குறைவு. உச்சியைத் தொடுவோர் மேலும் குறைவு. படிகள் பாதியாகக் குறைந்தால் ஏறுவோர் தொகை பெருகும். இரு மடங்கானால் மிகச் சிலரே துணிவர். எலக்ட்ரான்களின் இயல்பும் இத்தகையதே. ஒவ்வொன்றும் வெப்பத்தால் பெற்ற ஆற்றலைக் கொண்டே அரணை ஏற முயல்கின்றது. ஆற்றல் மிகுந்தவை சிலவே ஆதலால், அரணின் உயரம் சிறிது மாறினும் கடப்பவற்றின் எண்ணிக்கை பெரிதும் மாறும்.

மின்கலத்தின் நேர்முனையைப் பி-பகுதியிலும் எதிர்முனையை என்-பகுதியிலும் இணைத்தால் அரண் தாழ்கின்றது, மின்னோட்டம் பாய்கின்றது. இது முன்னோக்குச் சார்பு. முனைகளை மாற்றி இணைத்தால் அரண் உயர்கின்றது. ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. இது பின்னோக்குச் சார்பு. முன்னோக்குச் சார்பில் ஓட்டம் பெருகும் வேகம் வியப்பிற்குரியது. சாதாரண வெப்பநிலையில் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் நூறில் ஆறு பங்கு, அதாவது 0.06 வோல்ட், கூடினால் மின்னோட்டம் பத்து மடங்காகும், மேலும் 0.06 கூடினால் நூறு மடங்காகும். சிலிக்கான் சந்தியில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட்டிலும், ஜெர்மானியச் சந்தியில் 0.2 முதல் 0.3 வோல்ட்டிலும் பயன்படத்தக்க ஓட்டம் கிடைக்கின்றது. இவ்வளவு கூர்மையான மாற்றமே டிரான்சிஸ்டரின் வலிமை. அதுவே அதன் தொல்லையும் ஆகும் என்பது பின்னர் விளங்கும்.

டிரான்சிஸ்டரில் இத்தகைய சந்திகள் இரண்டு உள்ளன. என், பி, என் என மூன்று அடுக்குகள் அமைந்த வகையில் முதல் அடுக்கு உமிழ்ப்பான், நடுவில் உள்ளது அடிவாய், மூன்றாவது ஏற்பான். அடிவாய் தலைமயிரின் பருமனிலும் மெல்லியது. உமிழ்ப்பானுக்கும் அடிவாய்க்கும் இடைப்பட்ட சந்திக்கு முன்னோக்குச் சார்பும், அடிவாய்க்கும் ஏற்பானுக்கும் இடைப்பட்ட சந்திக்குப் பின்னோக்குச் சார்பும் அளிக்க வேண்டும். கருவி ஒலியைத் திருத்தமாகப் பெருக்குவதற்கு உரிய முறை இஃது ஒன்றே.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பின்னோக்குச் சார்பில் மின்னோட்டம் நின்றுவிடும் என்றால், இரண்டாம் சந்தியின் வழியே ஓட்டம் எவ்வாறு செல்லும்? பின்னோக்குச் சார்பில் உள்ள சந்தியில் உயர்ந்த அரண், ஏற்பான் பக்கத்து எலக்ட்ரான்களுக்குத்தான் ஏற முடியாத மேடு. அடிவாய்ப் பக்கத்திலிருந்து வரும் எலக்ட்ரானுக்கோ அதே மேடு இறங்கும் சரிவு. வழக்கமாகப் பி-வகையான அடிவாயில் எலக்ட்ரான்கள் மிக அரியவை. ஆகையால் இறங்குவதற்கு ஒன்றும் இராது. ஆனால் முதல் சந்தியின் அரண் தாழ்ந்துள்ளதால் உமிழ்ப்பான் தன் எலக்ட்ரான்களை அடிவாய்க்குள் கொட்டுகின்றது. அடிவாய் மெல்லியது ஆதலின், அவை துளைகளில் அடங்குவதற்கு முன்னரே மறு கரையை அடைந்து சரிவில் விழுந்துவிடுகின்றன. நல்லதொரு டிரான்சிஸ்டரில் நூறு எலக்ட்ரான்கள் புறப்பட்டால் ஏறத்தாழத் தொண்ணூற்றொன்பது ஏற்பானைச் சேரும். ஒன்றே அடிவாயில் தங்கும். அந்த ஒன்றை ஈடுசெய்வதே அடிவாய் மின்னோட்டம்.

முக்கொம்பில் மதகைத் தாண்டிக் கொள்ளிடத்துள் விழும் நீரையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். எவ்வளவு நீர் விழும் என்பதைப் பள்ளத்தின் ஆழம் தீர்மானிப்பதில்லை. கதவின் திறப்பே தீர்மானிக்கின்றது. பள்ளம் இன்னும் ஓர் ஆள் ஆழம் ஆனாலும் விழும் நீரின் அளவு கூடாது. அதுபோலவே, ஏற்பானின் மின்னழுத்தம் நான்கு வோல்ட்டாயினும் எட்டு வோல்ட்டாயினும் அதன் மின்னோட்டம் பெரிதும் மாறுவதில்லை. அதனை ஆள்வது முதல் சந்தியே. ஆனால் பள்ளமே இல்லாமல் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாகிவிட்டால் மதகின் ஆட்சி நடவாது. இரண்டாம் சந்திக்குப் பின்னோக்குச் சார்பு இன்றியமையாதது அதனாலேயே.

இவ்விரு சார்புகளும் டிரான்சிஸ்டர் பிறந்த அன்றே உடன்பிறந்தவை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டெய்ன் ஆகிய இருவரும் ஜெர்மானியத் துண்டொன்றின்மேல் இரண்டு பொன் தொடுமுனைகளை நெருக்கமாக வைத்தனர். ஒன்றிற்கு முன்னோக்குச் சார்பும் மற்றொன்றிற்குப் பின்னோக்குச் சார்பும் அளித்தபோது மின்குறிப்பு பெருகக் கண்டனர். வில்லியம் ஷாக்லி வகுத்த சந்தி டிரான்சிஸ்டர் 1951ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மூவரும் 1956ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

இனி, கதவை எவ்வளவு திறந்து வைப்பது என்பதே வினா. வானொலி நிலையத்தில் ஒருவர் பேசும்போது அவர் குரல், ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை கூடியும் குறைந்தும் அசையும் மின்குறிப்பாக மாறுகின்றது. அதனைப் பெருக்குவதாயின், அது கூடும்போது கதவு இன்னும் சிறிது திறக்கவும், குறையும்போது இன்னும் சிறிது மூடவும் வேண்டும். கதவு முழுவதும் மூடிக் கிடந்தால் குறையும் பாதிக்கு வேலையே இல்லை; மூடிய கதவை மேலும் மூட இயலாது. இதற்கு வெட்டு நிலை என்று பெயர். கதவு முழுவதும் திறந்து கிடந்தால் கூடும் பாதி வீணாகும். இது தெவிட்டு நிலை. இரண்டிலும் ஒலியின் ஒருபாதி வெட்டுண்டு, குரல் கரகரத்துச் சிதைந்து கேட்கும். ஆகவே, எவரும் பேசாத நேரத்திலும் கதவு பாதி திறந்திருக்குமாறு அடிவாய்க்கு ஒரு நிலையான சிறு மின்னோட்டம் ஊட்டி வைக்க வேண்டும். குரலின் குறிப்பு அந்த நடுநிலையிலிருந்து மேலும் கீழுமாக அசையும். கணிப்பொறிகளிலோ நடுநிலையை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, மூடலையும் திறத்தலையும் மட்டும் இரண்டு எழுத்துகளாகக் கொள்கின்றனர். குரலுக்கு அது பொருந்தாது.

நடுநிலையில் ஒருமுறை நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணுதல் பிழையாகும். திருச்சியின் வெயில் அதற்கு இடம் தருவதில்லை. கத்தரி வெயிலில் இங்கு வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. குறுவைக்கு நாற்று விடும் காலத்திலும் வெம்மை தணிவதில்லை. வரப்பின்மேல் வைத்த பெட்டியின் உள்ளே வெப்பம் அதனினும் மிகும். வெப்பம் மிகுந்தால் எலக்ட்ரான்களின் துடிப்பு மிகுகின்றது. அதே அரணை மேலும் பல எலக்ட்ரான்கள் கடக்கின்றன. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், அதே மின்னோட்டத்திற்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறத்தாழ 0.002 வோல்ட் குறைகின்றது. 25 டிகிரியில் அளந்து வைத்த டிரான்சிஸ்டர் 40 டிகிரிக்கு வந்தால் குறைவு 0.03 வோல்ட். கேட்பதற்கு இது அற்பம். ஆயினும் 0.06 வோல்ட்டிற்குப் பத்து மடங்கு என்னும் கணக்கை நினைவுகூர்ந்தால், அடிவாய் மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும் கருவியில் ஓட்டம் மூன்று மடங்கிற்குமேல் ஆகிவிடும் என்பது தெளிவாகும். பாதி திறந்த கதவு முழுவதும் திறந்துவிடும்.

கேடு அத்துடன் நில்லாது. ஓட்டம் மிகுந்தால் டிரான்சிஸ்டர் தானே சூடேறும். சூடு மிகுந்தால் ஓட்டம் இன்னும் மிகும். ஒன்றை ஒன்று வளர்த்து, இறுதியில் சந்தியே கருகிப் போவதும் உண்டு. 1960களின் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தவை ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள். அவற்றில் பின்னோக்குச் சார்பிலும் கசியும் மின்னோட்டம் மிகுதி. ஏறத்தாழப் பத்து டிகிரிக்கு ஒருமுறை அக்கசிவு இரட்டித்துவிடும். வெயில் நாட்டிற்கு அவை ஏற்றவை அல்ல. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு மேலணையின் கொள்ளிட மதகுகள் 45இல் ஒன்பதை வெள்ளம் அடித்துச் சென்றது. உடைந்த இடத்தில் எவர் எந்தச் சக்கரத்தைச் சுழற்றியும் பயனில்லாமல் போயிற்று. வெப்பத்தால் கட்டு மீறிய டிரான்சிஸ்டரிலும் அடிவாயின் ஆணை செல்லாது.

இதற்குப் பொறியாளர் கண்ட மருந்து மிக எளியது; உமிழ்ப்பானின் வழியில் ஒரு மின்தடையை இட்டனர். அதன் செயல் அழகானது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றும், ஆறு மின்கலங்கள் தரும் 9 வோல்ட்டும் உள்ளன என்று கொள்க. 39,000 ஓம், 10,000 ஓம் என இரு தடைகளைத் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் இடத்தை அடிவாயுடன் சேர்த்தால் அடிவாய்க்கு ஏறத்தாழ 1.75 வோல்ட் கிடைக்கும். சந்தியில் 0.65 வோல்ட் கழிய, உமிழ்ப்பானுக்கு 1.1 வோல்ட் எஞ்சும். உமிழ்ப்பானின் வழியில் 1,000 ஓம் தடை இருப்பின் அதில் ஓடும் மின்னோட்டம் 1.1 மில்லி ஆம்பியர். இதே ஓட்டம் ஏற்பானின் வழியில் உள்ள 3,900 ஓம் தடையில் ஏறத்தாழ 4.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ஏற்பான் 4.7 வோல்ட்டில் நிற்கும். மேலும் கீழும் அசைய இருபுறமும் இடம் உண்டு.

இப்போது வெயில் ஏறி, சந்தியின் மின்னழுத்தம் 0.03 வோல்ட் குறையட்டும். அடிவாயின் அழுத்தத்தை இரு தடைகளும் பிடித்து வைத்துள்ளன. ஓட்டம் கூட முயன்றால் உமிழ்ப்பான் தடையின்மேல் அழுத்தம் கூடும். அது கூடிய அளவிற்கு அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடைப்பட்ட அழுத்தம் குறையும். அரண் மீண்டும் உயரும். கணக்கிட்டால், 1.1 வோல்ட் இருந்த இடத்தில் 1.13 வோல்ட் ஆகும். ஓட்டம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடி நின்றுவிடும். மூன்று மடங்காக வேண்டியது நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கியது. அதற்கு ஈடாகச் செலுத்திய விலை, அத்தடையில் செலவாகும் ஒரு வோல்ட்டே. டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் பெருக்கும் திறன் வேறுபடினும் இவ்வமைப்பில் அது பெரிதாகத் தெரியாது. பழுதான ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினும் பெட்டி முன்போலவே பாடும்.

வானொலி பழுதுபார்ப்போர் முதலில் அளந்து பார்ப்பதும் இச்சார்புகளையே. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 0.6 அல்லது 0.7 வோல்ட் காட்டினால் முதல் சந்தி நலம் என்று கொள்வர். உமிழ்ப்பானில் அழுத்தமே இல்லையெனில் கதவு மூடியுள்ளது. ஏற்பானும் உமிழ்ப்பானும் ஒரே அழுத்தத்தில் நின்றால் கதவு முற்றும் திறந்துள்ளது. பழைய ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை பி, என், பி என்னும் வரிசையில் அமைந்தவை. அவற்றில் முனைகள் அனைத்தும் தலைகீழாகும், முறைமை மாறாது.

ஒலிபெருக்கியை இயக்கும் இறுதிக் கட்டத்தில் மட்டும் பாதி திறந்த கதவு உதவாது. அங்கு ஓடும் மின்னோட்டம் பெரிது. எவரும் பேசாத நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தால் மின்கலங்கள் விரைவில் தீர்ந்துவிடும்; உழவரின் செலவு மிகும். ஆகவே அங்கே இரு டிரான்சிஸ்டர்களை இணையாக வைத்து, குரலின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்குமாறு செய்தனர். இரண்டையும் முழுவதும் மூடி வைத்தால் ஒன்று விட்டு மற்றொன்று ஏற்கும் இடத்தில் ஒலி அறுபட்டு, மெல்லிய குரல் கெடும். எனவே இரு கதவுகளும் நூலிழை அளவு திறந்திருக்கும்படி சார்பு அளித்தனர். அவ்விழை அளவு வெயிலில் விரியாதிருக்கும் பொருட்டு, சூடு ஏற ஏறத் தன் தடை குறையும் சிறு வில்லை ஒன்றையும் பக்கத்தில் பொருத்தினர். வெப்பம் ஏறும்போது அவ்வில்லை அடிவாயின் அழுத்தத்தைத் தானே தாழ்த்திவிடும். நிலையத்தில் பேசுவோர் சற்று நிறுத்தி மூச்சு விடும் நேரத்தில் இவ்விரண்டிலும் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே ஓடும். அடுத்த சொல் எழுந்தவுடன் அது பன்மடங்காக உயர்ந்து, சொல் முடிந்ததும் பழைய அளவிற்கு வந்து நிற்கும்.